ஆள் அனுப்பறோம் சார்!

ரொம்ப நாளாகவே எழுதணும்னு உட்கார்ந்து, ரெண்டு வரி தட்டி, அப்புறம் அழிச்சிட்டு எழுந்து போன விஷயம் இது. போன வாரம் வந்த ஒரு போன்தான் மறுபடியும் உட்கார வைத்திருக்கிறது. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். அடுத்த பதிவில் வட்டியும் முதலுமாகத் தந்துவிடுகிறேன்.

போன் பண்ணியது என்னோடு வேலை பார்க்கும் நண்பர். அவருடைய அப்பாவுக்கு 81 வயசு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மறுநாள் டிஸ்சார்ஜ். "ஜி, உங்க அம்மாவுக்கு ஆள் வச்சிருந்தீங்கள்ல? நல்ல ஏஜென்சியா ஒரு நம்பர் அனுப்புங்க. நாளைக்குள்ள ஆள் வேணும்" என்றார். நானும் மொபைலைத் துழாவி ரெண்டு நம்பரை அனுப்பிவிட்டு, "தைரியமா இருங்க"ன்னு ஒரு வரியையும் சேர்த்துவிட்டுப் படுத்தேன்.

தூக்கம் வரலை. "நல்ல ஏஜென்சி எது?" என்ற அதே கேள்வியைத்தான் 2022ல் நானும் நாலு பேரிடம் கேட்டேன். அந்தக் கேள்வியே தப்பு என்று புரிய எனக்கு 20 மாசமும் ஏழு ஆட்களும் தேவைப்பட்டது. அதைச் சொல்லாமல் வெறும் நம்பரை அனுப்பிவிட்டோமே என்று உறுத்தல்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2022 மார்ச்சில் அம்மாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை, வலது கால் போச்சு. பேச்சும் போச்சு. சொன்னது புரியும், ஆனால் பதில் வராது. விழுங்குவதிலும் சிரமம். ஆஸ்பத்திரியில் 16 நாள். கிளம்பும்போது மருந்துக்கு ஒரு தாள், பில்லுக்கு நாலு தாள் கொடுத்தார்கள். "ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போடுங்க, பெட் சோர் வந்துடும்" என்று நர்ஸ் அம்மா ஒருவர் லிஃப்ட் வாசலில் வைத்துச் சொன்னார். எப்படித் திருப்புவது என்று அவரும் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திரும்பி நின்று கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை.

தங்கமணியும் நானும் முதல் பத்து நாள் நாங்களேதான் பார்த்தோம். "பெத்த அம்மாவைப் பாத்துக்க ஆள் வைக்கிறதா" என்று கேட்கும் உறவுக்கூட்டம் எல்லோருக்கும் உண்டல்லவா, எனக்கும் உண்டு. அவர்களுக்காக ஒரு விஷயம். பாசம் இருந்தால் பார்த்துக்கொள்ள வந்துவிடும் என்பது பொய். 62 கிலோ எடையுள்ள, ஒரு பக்கம் முழுக்கத் துவண்டு போன உடம்பைத் தோலை இழுக்காமல் திருப்புவது பாசத்தில் வராது. அது ஒரு தொழில், கற்றுக்கொள்ள வேண்டியது. பத்தாவது நாள் தங்கமணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொன்றும் சொல்லணும். "நாங்களே பார்த்தோம்" என்று எழுதினேனே, அதில் முக்கால்வாசி தங்கமணிதான் பார்த்தாள். "வீட்டிலேயே பாத்துக்கறோம்" என்று ஆண்கள் பெருமையாகச் சொல்லும் எல்லா வீட்டிலும் அந்த வாக்கியத்துக்குள் ஒரு பெண் ஒளிந்திருப்பாள், விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம்தான் ஏஜென்சி. போன் எடுத்தவர் ரொம்ப மரியாதையானவர். "சார், கவலையே படாதீங்க. டிரெய்ன்டு ஸ்டாஃப். நாளைக்குக் காலைல ஆள் அனுப்பறோம் சார்." ஒரு நாளைக்கு 850 ரூபாய், 24 மணி நேர டியூட்டி, சாப்பாடு நம்முடையது. பதிவுக் கட்டணம் 5,000, திரும்பக் கிடைக்காது. அம்மாவுக்கு என்ன வியாதி என்று கேட்டார். எடை எவ்வளவு, விழுங்குகிறாரா, யூரின் டியூப் இருக்கா, பகலில் வீட்டில் வேறு யார் இருப்பார்கள், எதுவும் கேட்கவில்லை. "நீங்க வெஜ்ஜா சார்?" என்று மட்டும் தவறாமல் கேட்டார். அந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது மட்டுமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் வந்தது ஒரு பெண். 19 வயசு. "எத்தனை நாளும்மா டிரெய்னிங்?" என்றேன். "மூணு நாள் சார். பெரிய ஆஸ்பத்திரியில நின்னு பாத்தேன்." நின்னு பாத்தாளாம்! அந்தப் பிள்ளை மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. எங்களைவிட அவள் அதிகம் பயந்திருந்தாள்.

முதல் மூன்று மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். மூவரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தர் அம்மாவை நன்றாகக் குளிப்பாட்டுவார், ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு. கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் ஹாலில் நிற்கும்போது அம்மா உடம்பில் துணி இல்லாமல் படுத்திருந்தாள். இடது கையால் போர்வையைத் தேடித் தேடித் துழாவினாள். பேச்சில்லாத ஒருத்தியின் அந்த ஒரு கை என்ன கத்து கத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்தப் புண்.

மே மாசக் கடைசியில் தங்கமணிதான் பார்த்தாள். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பவுடர் போட்டுத் தேய்த்தோம். தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தோம். ஏர் பெட்தான் வாங்கிப் போட்டிருக்கோமே, இனிமேல் திருப்ப வேண்டியதில்லை என்றும் நினைத்திருந்தோம். பத்து நாளில் தோல் கிழிந்து உள்ளே குழி.

டிரெஸ்ஸிங் செய்ய வந்த நர்ஸ் திட்டித் தீர்த்தார். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கணுமாம். அழுத்தும்போது வெளுத்து, விட்டதும் சிவந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் உள்ளே சேதம் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் சேதம்தான் அதிகமாகும். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, திருப்பிப் போடும் வேலையை ஒழித்துவிடாது. ஈரமான டயபரில் கிடந்தாலும், படுக்கையில் தரதரவென்று இழுத்தாலும் தோல் சீக்கிரம் போய்விடும். இவ்வளவுதான் பாடம். அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த அரை மணி நேரத்தை ஆஸ்பத்திரியும் கொடுக்கவில்லை, 5,000 ரூபாய் வாங்கிய ஏஜென்சியும் கொடுக்கவில்லை. புண் ஆற மூணு மாசம் ஆச்சு.

ஜூலையில் நாலாவதாக வந்தவர் விருத்தாசலம் பக்கம். ஐம்பதை நெருங்கும் வயசு. வீட்டில் எல்லோருக்கும் அவர் விருத்தாசலம் அக்கா. எட்டாவது வரை படிப்பு. ஏற்கெனவே ஆறு வருஷம் இந்த வேலையில் இருந்தவர்.

தரம் தரம் என்கிறோமே, அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது அவரிடம்தான். அம்மாவைத் தொடுவதற்கு முன்னால் சொல்லுவார். "பாட்டி, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்." உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்தி, மேலே ஒரு வேட்டியைப் போர்த்தி, துடைக்கிற இடத்தை மட்டும் விலக்குவார். ரெண்டு நைட்டியை எடுத்துக் காட்டி "இதுவா, அதுவா?" என்பார். அம்மா கண்ணால் காட்டுவாள். நாங்கள் நாலு மாசமாகக் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு இன்னும் பிடித்த நிறம் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை!

ஊட்டுவது அதைவிட விசேஷம். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் கொஞ்சம் கீழே இருக்கும்படி பார்த்து, தண்ணியையும் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து, கால் ஸ்பூன் கால் ஸ்பூனாக. முடிந்ததும் வலது கன்னத்துக்குள் விரல் விட்டு சாதம் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். உணர்ச்சி இல்லாத பக்கம் என்பதால் அங்கே உணவு தங்கினால் அம்மாவுக்கே தெரியாது. அப்புறம் அரை மணி நேரம் படுக்க விடமாட்டார். ஒரு மாசம் கழித்து ஸ்பூனை அம்மாவின் இடது கையிலேயே கொடுத்தார். பாதி சிந்தும். "சிந்தட்டும் சார், துடைச்சிக்கலாம். பாட்டி தன் கையால சாப்புடுது பாருங்க" என்றார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். அதில் கட்டம் கட்டமாகப் போட்டு, மணி, எந்தப் பக்கம் படுத்தார், என்ன சாப்பிட்டார், சிறுநீர் எவ்வளவு, மலம் போனாரா, தோல் எப்படி இருக்கிறது என்று எழுதுவார். டாக்டரே அந்த நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு "யார் எழுதினது?" என்று கேட்டார்.

இப்போது என் பக்கத்துக் கதையைச் சொல்லணும். சொல்லாவிட்டால் இந்தப் பதிவே அயோக்கியத்தனம்.

நாங்கள் கொடுத்த 25,500 ரூபாயில் அக்கா கைக்குப் போனது 16,000. மீதி ஏஜென்சிக்கு. இது தெரிந்தபிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை. 24 மணி நேர டியூட்டி என்று சொன்னேன் இல்லையா? அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ரெண்டு மணிக்கொரு முறை திருப்பணும் என்றால் ராத்திரி 10, 12, 2, 4, 6 என்று அஞ்சு தடவை. தொடர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த மனுஷி ஒருநாள்கூடத் தூங்க முடியாது. அப்படி ஆறு மாசம். பகலில் அம்மா தூங்கும்போது அவரும் கண்ணை மூடலாம் என்றால், நாங்கள் "சும்மாதானே இருக்கீங்க, இந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ஞ்சு குடுங்க" என்போம். சும்மாதானே இருக்கீங்க! இதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்தது அதைவிடக் கேவலம். எங்கள் வீட்டில் அவருக்குத் தனித்தட்டு, தனி டம்ளர். ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்கள் என்பதால் மாறிப்போகக் கூடாதென்று அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நான் என்பதால் நான் வைத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, கோபமே இல்லாமல், யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னார். "பாட்டிக்கு எல்லாம் சுத்தம் பண்ற கை இது. கழுவிட்டு வந்து இதே கையாலதான் ஊட்டுறேன், அதுவும் சாப்புடுது. டம்ளருக்கு மட்டும் புள்ளி வச்சிருக்கீங்க சார்."

அன்று ராத்திரி புள்ளியைச் சுரண்டி எடுத்தேன். எடுத்துவிட்டு என்னவோ பெரிய புரட்சி செய்தவன் மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன். அக்கா 12 மணிக்கும், 2 மணிக்கும், 4 மணிக்கும் எழுந்தார்.

2023 ஜனவரியில் மகளுக்குப் பிரசவம் என்று நாலு நாள் லீவு கேட்டார். ஏஜென்சியில் "மாத்து ஆள் இல்ல சார், நீங்களே பேசி அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார்கள். நான் அவரிடம் "ரெண்டு நாள்ல வந்துடப் பாருங்கக்கா" என்றேன். ஆறு மாசத்தில் அவர் கேட்ட முதல் லீவு அது. போனவர் திரும்பி வரவில்லை. அதற்குள் ஏஜென்சி அவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அஞ்சாவதாக ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழ் பேசவே வராது, அப்புறம் படிக்க எங்கே? அக்காவின் நோட்டு ஷெல்ஃபில் அப்படியே இருந்தது. நான் ஆபீஸுக்கு அவசரமாகக் கிளம்பும்போது கையைக் காலை ஆட்டி ஏதோ விளக்கினேன். மூணாவது நாள் மத்தியானம், பாதி சாய்ந்த நிலையில் இருந்த அம்மாவுக்கு டம்ளரில் தண்ணி கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்து தாகமாக இருந்தாலும் அப்படித்தானே கொடுப்போம்? அம்மாவுக்குப் புரை ஏறியது. ரெண்டு நாளில் காய்ச்சல், நுரையீரலில் சளி, நிமோனியா. எட்டு நாள் ஆஸ்பத்திரி. அந்த முறை பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது கையால் ஸ்பூனைப் பிடிப்பது அதோடு போய்விட்டது. நவம்பரில் அம்மா போனாள். அது அவள் இதயம் சம்பந்தப்பட்டது, யார் மேலும் பழி இல்லை. ஆனால் அந்த ஸ்பூன் என் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போது என் கருத்து.

வீட்டுக்கு வந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையின் தரம் என்பது ஏஜென்சி பெயரில் இல்லை, ரேட்டில் இல்லை. வருகிறவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா, அவருக்குத் தூங்க நேரம் உண்டா, அதே முகம் நாளைக்கும் வருமா, மாறினால் விவரம் கை மாறுகிறதா, இந்த நாலில்தான் இருக்கிறது. இந்த நாலில் ஒன்றுகூட "ஆள் அனுப்பறோம் சார்" என்ற வாக்கியத்தில் இல்லை. அவர்கள் ஆளைத்தான் விற்கிறார்கள், பராமரிப்பை இல்லை. நாமும் ஆளைத்தான் வாங்குகிறோம்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமில்லை. இங்கிலாந்தில் இதற்கு நேரெதிரான கூத்து. அங்கே உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்யும் பராமரிப்பில் 15 நிமிஷ வருகைகள் இருந்தன. 15 நிமிஷத்தில் எழுப்பி, கழுவி, உடுத்தி, சாப்பிட வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும். பெரிய சர்ச்சையாகி, 2015ல் நைஸ் என்ற அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில், குறிப்பிட்ட சில சூழ்நிலைகள் தவிர வருகை அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதினார்கள். அங்கே நேரத்தைப் பதினைந்து பதினைந்தாக நறுக்குகிறார்கள். இங்கே ஒரே மனுஷியின் 24 மணி நேரத்தையும் மொத்தமாக வாங்கிவிடுகிறோம். ரெண்டிலும் படுக்கையில் இருப்பவருக்குக் கிடைப்பது களைத்துப்போன கைதான். ஆனால் ஒரு வித்தியாசம். இப்படிப்பட்ட பராமரிப்பைத் தருபவர்கள் அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும், ஆய்வுக்கு ஆள் வருவார்கள், அறிக்கை பொதுவில் வரும். குறைகள் இருந்தாலும் புகார் சொல்ல ஒரு கதவு இருக்கிறது.

நம்ம நாட்டில் 2007ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பராமரிப்புத் தொகை கொடுக்கணும் என்பதுதான் அதன் மையம். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. 2024ல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அவ்வளவுதான். இட்லிக் கடைக்காரர்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவை மாட்டி வைக்கணும். என் அம்மாவின் உடம்பைத் தொட ஆள் அனுப்பிய நிறுவனம் என்னிடம் ஒரு தாளைக்கூடக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

"கட்டுப்பாடு வந்தா ரேட் ஏறிடுமே, நடுத்தர வர்க்கம் எங்கே போகும்?" என்று கேட்பீர்கள். ஏறத்தான் செய்யும். ரெண்டு பேர் ஷிப்ட் போட்டால் செலவு ஏறும், மறுக்கவில்லை. ஆனால் இப்போது குறைவாக இருக்கும் ரேட்டை யார் கொடுக்கிறார்கள்? தூங்காமல் இருந்து அந்த அக்காதான் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கொடுத்தது போதாமல் அம்மாவும் கொடுத்தாள்.

அதுவும் போக, மாசம் 25,500 கொடுக்க முடிந்த நானே இந்த லட்சணம் என்றால், மாச வருமானமே அவ்வளவு இல்லாத வீடுகள்? அங்கேதான் அரசாங்கம் வரணும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும், நோய் முற்றியவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. நல்ல ஆரம்பம். கேரளாவில் 2008லேயே இதற்கென்று அரசுக் கொள்கை போட்டு, உள்ளாட்சி அமைப்புகள் மூலமாக நர்ஸ்களை வீடுகளுக்கு அனுப்பினார்கள், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு கூடவே போகிறார்கள். ஜெர்மனி 1995லும் ஜப்பான் 2000லும் முதுமைப் பராமரிப்புக்கென்றே காப்பீடு கொண்டுவந்தன. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். இந்தப் பதிவைப் படிக்கும் பலருக்கு இது அப்பா அம்மா கதை மட்டுமில்லை, கொஞ்ச வருஷத்தில் சொந்தக் கதை.

சட்டம் வரும்போது வரட்டும். மறுநாள் காலையில் நண்பருக்குப் போன் போட்டு, நான் அனுப்பியிருக்க வேண்டியதைச் சொன்னேன். உங்களுக்கும் உபயோகப்படலாம்:

1. டிஸ்சார்ஜ் ஆகும் முன் வார்டு நர்ஸிடம் திருப்புவது, உட்கார வைப்பது, டயபர் மாற்றுவது மூன்றையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒருமுறை அவர் முன்னாலேயே செய்து பாருங்கள்.

2. ஏஜென்சியிடம் "டிரெய்ன்டா?" என்று கேட்காதீர்கள். "எங்கே, எத்தனை நாள், என்னென்ன?" என்று கேளுங்கள். மாத்து ஆள் உண்டா, வருகிறவர் கையில் எவ்வளவு போகும் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

3. ராத்திரியில் எழுப்ப வேண்டிய நோயாளி என்றால் ஒரே ஆள் போதாது. ரெண்டாவது ஆளுக்கு வசதியில்லை என்றால் ராத்திரியில் பாதி உங்களுடையது. ஆண் சிங்கங்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

4. ஒரு நோட்டு போடுங்கள். புது ஆள் வந்தால் முதல் நாள் லீவு போட்டுக் கூடவே இருங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் என்றால் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

5. தோலை நீங்கள் பாருங்கள், தினமும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால்.

6. உங்கள் அப்பாவுக்கும் வெட்கம் உண்டு. 81 வயசானால் அது போய்விடாது. கதவைச் சாத்துங்கள்.

7. உங்கள் தட்டு எதுவோ அதே தட்டு. வாரத்தில் ஒருநாள் லீவு.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜி, ஏழாவது பாயிண்ட்தான் எங்க வீட்டுல கஷ்டம்" என்றார். பொய் சொல்லாமல் சொன்னாரே என்று சந்தோஷமாக இருந்தது. பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று எழுதுங்கள். ஏஜென்சி பெயரெல்லாம் வேண்டாம், என்ன கேட்காமல் விட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பி.கு: பதிவு எழுதுவதற்கு முன்னால் விருத்தாசலம் அக்காவுக்குப் போன் பண்ணி, எழுதலாமா என்று கேட்டேன். இப்போது வேறொரு வீட்டில் ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறார். ஏஜென்சி இல்லை, நேரடிச் சம்பளமாம். "எழுதுங்க சார், பேரு மட்டும் போடாதீங்க" என்றார். அப்புறம், "பாட்டி நோட்டு இருக்கா சார்? அந்தக் கட்டம் போட்ட பக்கத்தை மட்டும் போட்டோ புடிச்சு அனுப்புங்க. இங்க ராத்திரிக்கு வர்ற பொண்ணுக்குக் காட்டணும்" என்று கேட்டார். அனுப்பிவிட்டேன்.